ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கார்

மத்தியாஸ் எந்தப் பொருளையும் மோந்து பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. உரமூட்டையோ, வியாபாரி கொண்டுவரும் சாக்கோ, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தோ, எதுவானாலும் முதலில் மூக்கு, அப்புறம்தான் பேச்சு. குமுளிப் பக்கம் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்தே கிழவரான மனுஷன். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது கொஞ்சம், அதில் நம்பியது அதைவிடக் கொஞ்சம்.

மகன் லிபின் ஒரு பழைய ஜெர்மன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். கறுப்பு நிறம், கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி பளபளப்பு. மத்தியாஸ் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார்.

"ஏலே, இது தண்ணியில கெடந்த வண்டி."

"மழையில கொஞ்சம் நனைஞ்சிருக்கும்ப்பா."

"நனைஞ்ச காய்க்கும் ஊறுன காய்க்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். இது ஊறுனது."

லிபினுக்குக் கொச்சியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வெள்ளிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் போவான். சனி ஞாயிறுகளில் ஏலப்பாறை, வாகமண், மூணாறு என்று பெரிய மனுஷர்கள் மாதிரி சுற்ற வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. புதுக் காருக்கு வழியில்லை. எவனோ ஒரு தரகன் இதைக் காட்டினான், இவனும் வாங்கிவிட்டான். கூடப் படித்த ஜோபி பக்கத்து ஆனக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்ததால், ஊரில் போட்டு மெதுவாகப் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

வேறு சமயமாக இருந்தால் மத்தியாஸ் அந்த லாரியிலேயே திருப்பி ஏற்றியிருப்பார். ஏற்றாததற்குக் காரணம் அன்னாள்.

அன்னாளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸோ ஜீப்போ ஆட்டோவோ, ஒரு வளைவு திரும்பினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். மலையில் வளைவு இல்லாமல் எங்கே போவது? அதனால் அவள் எங்கேயும் போவதில்லை. அவளுடைய அக்கா ஞானம்மாள் இருப்பது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில், கம்பெனி வேலை பார்க்கும் மகனோடு. அக்கா புருஷன் செத்தபோது மத்தியாஸ் அன்னாளை ஜீப்பில் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குமுளி இறக்கத்தில் பாதி தாண்டவில்லை, அவள் எடுத்த வாந்தியைப் பார்த்து வண்டியைத் திருப்பிவிட்டார். செத்தவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. திரும்பி ஏறும்போது வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்: "எல்லாம் மனசுதான்ளா. வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விட்டா ஒண்ணும் வராது."

அன்னாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. வருஷங்கள் போயும் சொல்லவில்லை. மத்தியாசுக்கு அதுதான் பிடிக்கவில்லை. சண்டை போட்டுவிட்டால் தீர்ந்துபோகும்.

இப்போது அக்கா மகன் புது வீடு கட்டியிருந்தான். மாதா பெருநாள் கழிந்த சனிக்கிழமை சாயங்காலம் வீடு மந்திரிப்பு, சாமியார் வந்து ஜெபித்துக் குடிபுகுதல். லிபின் காரைத் தட்டிச் சொன்னான்: "அம்மா, இதுல வளைவே தெரியாது. மெத்தையில படுத்த மாதிரி இருக்கும். மொத டூர் கஞ்சிக்கோடுதான்."

அன்னாள் காரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். உள்ளே போய் பெட்டியிலிருந்த பட்டுச்சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜோபிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "சனிக்கிழமைக்கு ஆயிருமா?"

ஜோபி சீட்டுகளைக் கழற்றி வராந்தாவில் வரிசையாக வைத்தான். டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தான். பாட்டரியை எடுத்து வெளியே வைத்து, அதிலிருந்து வயர் இழுத்தான். பிறகு ஒரு லேப்டாப்பை வயரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னடே, வண்டிக்குக் குறி கேக்குறியா?" என்றார் மத்தியாஸ்.

"இது சென்சார் வண்டி மாமா. என்ன சீக்குன்னு அதுவே சொல்லும்."

"பொய் சொன்னா?"

"வண்டி எங்கேயாவது பொய் சொல்லுமா?"

"உன் கூட்டாளிகிட்ட சொல்லியிருக்கே."

வண்டி சொன்ன சீக்கு ஈரம். தரைக்கடியில் போகிற வயர்க்கட்டுகள் எல்லாம் ஊறிக் கிடந்தன. நல்ல வெயிலில் ஒரு வாரம் திறந்து போட்டால் காயும் என்றான் ஜோபி. சக்குபள்ளத்தில் அந்த மாசம் வெயிலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அவன் தன் பெண்டாட்டியின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து தரைவிரிப்பின் மேல் காட்டிக்கொண்டிருந்தான். மத்தியாஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு காருக்கு இந்த வேகத்தில் போனால் சனிக்கிழமை இல்லை, கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

"ஒரு ரட்சையும் இல்ல மாமா, இது இப்போதைக்குக் காயாது," என்று மெஷினை அணைத்துவிட்டு ஜோபி பெருநாளுக்கு மாமியார் வீட்டுக்குப் போனான்.

மத்தியாஸ் முற்றத்தில் நின்றார். கொடியில் பட்டுச்சேலை இல்லை. அன்னாள் அதை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தாள்.

அவர் தலையைத் திருப்பினார். எதிரே பழைய ஸ்டோர் நின்றது.

ஸ்டோர் என்றால் ஏலக்காய் காயவைக்கிற கட்டடம். வெளியே விறகு அடுப்பு, உள்ளே தரையோரம் சூடு ஓடும் தகரக் குழாய், ஈரக்காற்றை இழுத்துத் தள்ள விசிறி. பச்சைக்காய் உள்ளே போகும், விலைபோகிற காய் வெளியே வரும். மழைக்காலம் முழுக்க அதை நம்பித்தான் மலையே சாப்பிடுகிறது. மத்தியாஸ் உலகத்தில் முழுசாக நம்பின கட்டடங்கள் இரண்டு, மற்றது கோயில். கோயிலுக்குள் காரை விட முடியாது.

ஸ்டோரில் வெகுகாலமாகத் தீப்போடுகிற பெரியமுத்துவைக் கூப்பிட்டார். காய் பரப்பும் தட்டுகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். களைவெட்ட வந்த ஆட்களும் சேர்ந்து காரை உள்ளே தள்ளினார்கள். பெரியமுத்து தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, எவ்வளவு நேரம் போடணும்?"

"பச்சக்காய்க்கு எவ்வளவோ அவ்வளவு."

"நடுவுல கெளறி விடணுமே."

"கதவெல்லாம் தொறந்து தொறந்து மூடு. அதான் கெளர்றது."

"காஞ்சப்புறம் காய்க்குச் செய்யுற மாதிரி தேய்ச்சு வால் எடுக்கணுமா?"

"ஏலே, போய்த் தீயப் போடு."

மறுநாள் மதியம் கதவைத் திறந்தார்கள். மத்தியாஸ் தலையை உள்ளே விட்டு மோந்தார். ஊறல் வாசம் போயே போய்விட்டது. முதல் தரக் காய் வாசம் அடித்தது. தரைவிரிப்பு அப்பளம் மாதிரி நொறுநொறுத்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகுதான் காரின் உள்கூரையைப் பார்த்தார். கூரைத் துணி கூரையில் இல்லை. பசை உருகி, பஞ்சோடு மொத்தமும் கழன்று தரையில் படுத்துக் கிடந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் தேக்கு போலப் பளபளத்த பட்டை கருவாடு மாதிரி சுருண்டிருந்தது.

"இது மரமில்லன்னு நான் அப்பவே நெனச்சேன்," என்றார் பெரியமுத்துவிடம். "மரமா இருந்தா என் ஸ்டோர்ல சுருளாது."

திரும்பி வந்த ஜோபி காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விழுந்து கிடந்த துணியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். லீவு போட்டுவிட்டு வந்த லிபின் நிறையப் பேசினான்.

"அப்பா, இது காரா, காயா?"

"ரெண்டும் ஈரமா இருந்தா கெட்டுப்போகும். உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலியோ?"

"இத்தாலிக்காரன் தைச்ச துணிப்பா அது."

"ஒட்டியிருந்தான். தைக்கல. தைச்சிருந்தா விழுமா?"

ஜோபி பாட்டரியையும் லேப்டாப்பையும் மாட்டினான். நேற்றுவரை சிவப்புச் சிவப்பாகக் காட்டிக்கொண்டிருந்த திரையை வாயைப் பிளந்து பார்த்தான். "ஈரம் போயிருச்சு மாமா," என்றான். பிறகு நியாயத்துக்கு, "கூரையும் போயிருச்சு," என்று சேர்த்துக்கொண்டான்.

அடுக்களை வாசலில் அன்னாள் நின்றாள். கூரையை அவள் பார்க்கவே இல்லை. "நாளைக்குப் போகுமா?"

மூன்று ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோபி சீட்டைத் தூக்கினான். லிபின் டேங்கைத் தூக்கினான். மத்தியாஸ் துணி ஒட்டியிருந்த கூரை அட்டையைக் கழற்றி முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, கோணி ஊசியும் சணலும் எடுத்து, துணியை அதோடு சேர்த்து ஏலச்சாக்கின் வாயைத் தைப்பது போலக் குறுக்கும் மறுக்குமாகத் தைத்தார். இனி எந்தச் சூட்டுக்கும் அது கழன்று விழாது. மேலே மாட்டியபோது, விலை உயர்ந்த சாக்குக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். லிபின் வெள்ளைச் சட்டை போட்டு வண்டி ஓட்ட உட்கார்ந்தான். முன்னால் இருந்தால் வாந்தி வராது என்று ஜோபி சொல்லியிருந்ததால் அன்னாள் பட்டுச்சேலையோடு முன் சீட்டில். மடியில் பிளாஸ்டிக் பைகள், எலுமிச்சம்பழம், துண்டு. மத்தியாஸ் பின்னால். ஜீப்பு வாங்கின நாளிலிருந்து அவர் வண்டி ஓட்டியிருக்கிறாரே தவிர, பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. மெத்தை அவரை இடுப்புவரை விழுங்கியது.

"ஏசி போடட்டுமா?" என்று லிபின் பொத்தானை அமுக்கினான். முன்பக்கத்து ஓட்டைகளிலிருந்து ஏலத் தோலும் தூசியும் புஸ்ஸென்று கிளம்பி அவன் சட்டையில் அப்பின. ஸ்டோர் காற்று உள்ளே அனுப்பியதை ஏசி வெளியே அனுப்பியது. லிபின் இரண்டு தடவை தும்மினான். அன்னாள் சேலையைத் தட்டிவிட்டு, "நம்ம வீடு மாதிரி இருக்கு," என்றாள்.

குமுளி செக்போஸ்ட் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. சத்தமில்லை, குலுக்கலில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல இந்தப் பக்கம் சாய்ந்து, நின்று யோசித்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. இரண்டாவது வளைவில் மத்தியாசுக்கு நெற்றி வேர்த்தது. மூன்றாவதில் காலையில் குடித்த காப்பி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது.

"ஏலே, மெதுவாப் போ."

"மெதுவாத்தாம்ப்பா போறேன்."

"அப்ப வேகமாப் போ."

அன்னாள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் காலையில் பூத்த பூ மாதிரி இருந்தது. அவர் முகம் நயம் பச்சை, ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும்.

அவள் ஒரு பிளாஸ்டிக் பையை உதறி விரித்துப் பின்னால் நீட்டினாள். சரியான நேரம். இந்த வேலையில் அவளுக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

லிபின் ஓரமாக நிறுத்தினான். மத்தியாஸ் இறங்கி, தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் அடித்துக் கிடந்தது.

"இந்த ஏலக்கா வாசம்தான் பெரட்டுது," என்றார், பிறந்ததிலிருந்து அதை மோந்தே சாப்பிட்ட மனுஷன். "வண்டி சரியில்ல. ஏலே, திருப்பு. வீட்டுக்குப் போவோம்."

லிபின் அம்மாவைப் பார்த்தான். அன்னாள் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"கஞ்சிக்கோட்டுக்கு விடு," என்றாள்.

"ஏளா, எனக்கு முடியலன்னு சொல்றேன்."

"எல்லாம் மனசுதான்," என்றாள் அன்னாள். "வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க. ஒண்ணும் வராது."

மத்தியாஸ் வாயைத் திறந்தார். திறந்தது தப்பு என்று வயிறு சொல்ல, உடனே மூடிக்கொண்டார். ஜீப்பு இருந்தால் திரும்பியிருக்கலாம். அது வீட்டில் நின்றது. பின்கதவைத் திறந்து ஏறினார். அன்னாள் முன்னாலிருந்து இரண்டு காய் ஏலக்காயை அவர் கையில் வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் மோந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அடிவாரத்து லோயர் கேம்ப் போய்ச் சேருவதற்குள் இன்னும் ஒரு பை தேவைப்பட்டது. அப்புறம் சமதள ரோடு. தேனி, பழனி, பொள்ளாச்சி என்று வெயில் ஏற ஏற அன்னாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். பின்னால் கிழவர் சாக்குத் தையலைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். தையல் ஒன்றுகூட விடவில்லை. அது ஓர் ஆறுதல்.

கஞ்சிக்கோட்டில் புது வீட்டு வாசலில் ஞானம்மாள் காத்து நின்றாள். தங்கச்சியின் உடம்பு தெரிந்தவள், அதனால் கையில் தண்ணீர் வாளி, தோளில் துண்டு, செம்பில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. கார் நின்றதும் முன்கதவுக்கு ஓடிவந்தாள்.

அன்னாள் பட்டுச்சேலை கசங்காமல் இறங்கினாள். அக்காவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சநேரம் விடவில்லை. பிறகு அவள் கையிலிருந்து செம்பை வாங்கினாள்.

"ரொம்ப எடுத்தியாட்டி?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா," என்றாள் அன்னாள். வாளியையும் தானே வாங்கிக்கொண்டு பின்கதவுப் பக்கம் நடந்தாள். "லிபின் அப்பாவுக்குத்தான். அவங்களுக்கு வண்டி ஒத்துக்காது."

மத்தியாஸ் செம்பை வாங்கினார். மோந்து பார்க்கவில்லை. அப்படியே குடித்தார்.