சுவருக்குள் எதுவும் இல்லை

வயர்மேனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஷாக் அடித்தால்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கையை உதறுவான். அதனால், தையல்காரியான அக்கா, "சுவிட்ச் போர்டுக்குள்ள ரெண்டு பேர் என்னைப் பத்தியே பேசறாங்கடா" என்று சொன்னபோது, "வாடகை ஒழுங்கா தராங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

அவள் சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. துணி வெட்டும் மேஜையைச் சுவரை விட்டுத் தள்ளி இழுத்துப் போட்டு, அதன் கீழே சுருண்டு படுத்தாள்.

இது விளையாட்டில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கைவசம் தொழில் இருக்கிறதே என்று, வீட்டிலிருந்த ஒவ்வொரு போர்டையும் கழற்றிக் கம்பிகளை வெளியே இழுத்தான்.

"பாருக்கா. கம்பி, தூசி, செத்த பல்லி ஒண்ணு. அதுவும் பேசாது."

அக்கா போர்டைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்தாள்.

"இவ்வளவு சுலபமா கழட்டறே. அப்போ உள்ள வச்சதும் நீதானா?"

அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள். மறுநாள் அவன் வந்து தட்டியும் கதவைத் திறக்கவில்லை.

மனநல மருத்துவமனைக்கு ஓடிப்போய் நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி," என்றார் அவர். "ஆனா குரல் அவங்களுக்கு நிஜமாவே கேக்குது. இருக்குன்னும் சொல்லாதீங்க, இல்லன்னு நிரூபிக்கவும் போகாதீங்க. பயத்தைப் பத்திக் கேளுங்க."

திரும்பி வந்து, அக்காவின் மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். நாக்கு நுனிவரை வந்த கிண்டலை விழுங்கினான்.

"அக்கா, எனக்கு அந்தக் குரல் கேக்கல. உனக்குக் கேக்குது, அது தெரியும். ரொம்பப் பயமா இருக்கா?"

உள்ளிருந்து அழுகை வந்தது. "தூங்கவே விட மாட்டேங்கறாங்கடா."

"இதையெல்லாம் பொறுமையா கேக்கற டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. தூக்கத்துக்கும் வழி பண்ணுவாங்க. போலாமா?"

"வரேன். ஆனா நீ என் பக்கத்துல உட்காரக் கூடாது."

"சரிக்கா."

வாடகைக் காரின் பின்சீட்டில், கதவோடு ஒட்டி அக்கா. முன்சீட்டில் அவன். திரும்பிப் பார்த்தால் மிரள்வாளோ என்று கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "என்னண்ணே, வீட்ல சண்டையா?"

"இல்லப்பா. எங்கக்கா. பயந்து போயிருக்காங்க."

"யாரைப் பார்த்து?"

"என்னைப் பார்த்துத்தான்," என்றான். "குலுங்காம ஓட்டுங்க."