மேல் தாழ்ப்பாள்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டீச்சர் பொய் சொல்வாள். ஏழு வாரமாக இதுதான் வழக்கம். கடல் கடந்த ஒரு நாட்டில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கணினித் திரைக்குள்ளிருந்து கேட்கிற ஒரு பெண் மருத்துவரிடம் சொல்வாள். அந்தப் பொய்க்குக் கோப்பும் உண்டு, எண்ணும் உண்டு. எண் பதினேழு.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பதினோரு மாதத்துக்கு முன் வந்த நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடம் தரைமட்டமாகிவிட்டது, கூப்பிடுகிற பெயர் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், போர்வை கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு குழு மட்டும் போகவில்லை. அவர்கள் நாடும் இரண்டு முறை குலுங்கிய நாடு. உள்ளூரில் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து, மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, மனநல ஆலோசகர்கள் என்று அட்டை மாட்டி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தூக்கம் வராதவர்கள், பேச்சு நின்றுபோனவர்கள், சுவரைத் தொடப் பயப்படுகிறவர்கள் என்று ஆளுக்குப் பதினைந்து பேருக்குக் குறையாமல் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை அந்த மருத்துவரிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி யோசனை கேட்க வேண்டும். பன்னிரண்டு பேரும் அவருக்கு வைத்த பெயர் திரை டாக்டர். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, இவர்களுக்கும் அரைகுறை. அதனால் யாராலும் சுற்றி வளைத்துப் பேச முடியாது, விஷயத்துக்கு நேராக வந்துதான் ஆக வேண்டும்.

பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. மீறினால் வேலை போய்விடும். இதை ஒருங்கிணைப்பாளர் மாதத்துக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். எதற்கெடுத்தாலும் ஒரு தாளை நீட்டுகிற அவருக்குப் பெயர் படிவம். டீச்சரும் ஒவ்வொரு தடவையும் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டாள். பதினேழாம் எண் அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கோப்பில் பம்ப் மெக்கானிக் என்று மாற்றியிருந்தாள். வயதில் இரண்டைக் கூட்டியிருந்தாள். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடிதான். நிலநடுக்கத்தில் ஒரே தங்கையைப் பறிகொடுத்தவர். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடந்த நாலு மாதமாகப் படுக்கையில் படுப்பதில்லை. வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நாற்காலி போட்டு, காலில் ஷூவோடு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கதவுக்கு ஏற்கெனவே தாழ்ப்பாள் இருக்க, உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

வேறு ஆலோசகரிடம் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் பார்த்தாள். "எனக்கென்ன கேடு?" என்று சொல்லிவிட்டு ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார் மனுஷர். அதற்குமேல் வற்புறுத்த அவளுக்கும் தைரியம் வரவில்லை, காரணம் உண்டு. இன்னொருத்தர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தால் அவர் முதலில் என்ன சொல்வார் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். என் பெண்டாட்டி என் தங்கையை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள் என்பார்.

நிலநடுக்கம் வந்த அன்று பகல் மூன்று மணிக்கு மூன்றாவது மாடி வீட்டில் டீச்சரும் நாத்தனாரும்தான் இருந்தார்கள். முப்பது வயதாகியும் நாத்தனாரை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் குலுக்கலில் இரண்டு பேரும் வெறுங்காலோடு படியில் இறங்கினார்கள். படியெல்லாம் ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. "அண்ணி, செருப்பை எடுத்துட்டு வந்துடறேன், நீங்க போங்க" என்று குட்டி திரும்பி ஏறினாள். பின்னாலேயே வருகிறாள் என்றுதான் டீச்சர் தெரு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது குலுக்கலில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது.

இதை அவள் கணவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே வைத்தியம் வீட்டிலேயே நடந்தது, காதும் காதும் வைத்த மாதிரி. நோயாளிக்கே தெரியாத வைத்தியம். சனிக்கிழமை மத்தியானம் அவர் காபி குடிக்கும்போது எதிரே போய் உட்கார்வாள். "கையில இருக்கிற டம்ளர் எப்படி இருக்குன்னு கவனிச்சுப் பாருங்களேன். சூடா இருக்கா, வழவழன்னு இருக்கா?"

"ஆறிப்போச்சு," என்பார் அவர். "வேற போட்டுக் குடு."

மூச்சை எண்ணச் சொன்னால், காய்ச்சல் அடிக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இதையெல்லாம் அவள் வியாழக்கிழமை வந்ததும் மருத்துவ மொழியில் மாற்றி, "ஒத்துழைப்பு குறைவு" என்று வாசிப்பாள். கல்லுளிமங்கன் என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு என்னதான் சொல்வது? திரை டாக்டர் குறித்துக்கொள்வார். சில நேரம் ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அதே கேள்விதான். "அவருடைய மனைவி என்ன சொல்கிறார்?" டீச்சர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

அப்படியே ஓட்டியிருப்பாள். ஆனால் எட்டாவது வாரம் படிவம் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"டாக்டர் நேர்ல வராங்க. செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு ஆலோசகர்கிட்ட இருந்தும் ஒரு ஆளைப் பாக்கணுமாம். எண்ணை அவங்களே எழுதி அனுப்பிட்டாங்க." தாளில் டீச்சரின் பெயருக்கு எதிரே பதினேழு என்று இருந்தது.

டீச்சர் மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பதினேழாம் எண் வேலை தேடி வெளியூர் போய்விட்டார், முகவரி தெரியவில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போயிருக்கிறார்கள், யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

திரையிலிருந்து இறங்கி வந்த டாக்டர் எல்லோரும் நினைத்ததைவிடக் குள்ளம். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. முகாம் அலுவலகத்தின் பின்னறையில், அடுக்கிவைத்த தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே, டீச்சரை எதிரே உட்காரவைத்துக் கோப்பைத் திறந்தார்.

"வெளியூர் போய்விட்டார்," என்றாள் டீச்சர், அவர் கேட்பதற்கு முன்பே.

"சரி," என்றார் டாக்டர். "அப்படியானால் உன்னிடமே கேட்கிறேன். எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. ஏழு வாரம், முப்பத்தோரு பக்கம். இந்த ஆள் கல்யாணமானவர் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மனைவி எங்கேயும் இல்லை. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, உயிரோடு இருக்கிறாளா, ஒன்றும் இல்லை. நீ மற்ற எல்லோர் வீட்டிலும் பூனைக்குட்டியைக்கூட விடாமல் எழுதுகிறவள்."

டீச்சர் தண்ணீர்க் கேன்களைப் பார்த்தாள்.

"இரண்டாவது, இந்தத் தாழ்ப்பாள். எங்கள் ஊர் குலுங்கியபோது எனக்குத் தெரிந்த ஒருவரும் கதவைப் பூட்டவில்லை. இருந்த தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டார்கள். என் அப்பா கதவையே கழற்றினார். பயந்தவனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். இவர் ஏன் கூடுதலாக ஒன்று வைக்கிறார்? அதுவும் உச்சியில்?"

"பாதுகாப்பு உணர்வுக்காக... கையேட்டில் அப்படி இருக்கிறது..." என்று மென்று விழுங்கினாள் டீச்சர்.

"கையேட்டை எழுதியது நான். அதில் தாழ்ப்பாள் இல்லை," என்றார் டாக்டர். கோபமில்லாமல்தான் சொன்னார். "அவர் கதவை மறித்து உட்காருகிறார். உள்ளே யாரும் வந்துவிடக் கூடாது என்றா? இல்லை, யாரும் வெளியே போய்விடக் கூடாது என்றா?"

டீச்சரின் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "அவர் என் வீட்டுக்காரர்," என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எந்த மூச்சும் அதற்கு உதவவில்லை.

டாக்டர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "மூன்றாவது வாரமே சந்தேகம் வந்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு. விதியைப் பற்றி நாளைக்குப் பேசுவோம், பேசித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு இதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடு. அவரைப் பற்றி எழுதியது. படிக்க அவருக்கு உரிமை இருக்கிறது."

வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதுகூடப் பெரிதில்லை. தனக்குத் தெரியாமல் இவள் தன்னை ஏழு வாரமாக எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த மனுஷர் இனி டம்ளரைக்கூட இவள் கையிலிருந்து வாங்குவாரா என்பதுதான் பயம். இருந்த ஒரு நாத்தனாரைத் தொலைத்தாயிற்று. அவரையும் தொலைக்கப் போகிறோம் என்று நினைத்தாள்.

இப்போது அவர்கள் இருப்பது, விரிசல் விழாத தெருவில், வாடகைக்கு எடுத்த இரண்டாவது மாடி வீடு. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அவர் வேலையிலிருந்து வந்து கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பை மேஜைமேல் வைத்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இயந்திரத்தோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி, விரலை வரிமேல் வைத்து, நிதானமாகப் படித்தார். ஒன்பதாம் பக்கம் வரும்போது, "பம்ப் மெக்கானிக்கா? கேவலப்படுத்திட்டியே," என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது. அங்கேதான் ஷூவும் நாற்காலியும் தாழ்ப்பாளும் இருந்தன. "தப்பி ஓடத் தயார் நிலை" என்று அவள் அடிக்கோடிட்டிருந்தாள்.

"இது தப்பு," என்றார்.

"எது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கால் கட்டைவிரல் நகம் ஏன் கறுத்துப்போய் இருக்கு?"

"கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டேன். ஏன்?"

"எப்ப இடிச்சுக்கிட்டே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. காலையில் எழுந்தபோது வலித்தது, அவ்வளவுதான்.

"கீழ்ப்படியில இடிச்சது," என்றார் அவர். "நாலு மாசமாச்சு. தூக்கத்துல எழுந்து கதவைத் திறந்துக்கிட்டுப் போயிடற. முதல் நாள் தெரு முனை வரைக்கும் போயிட்ட. நான் வெறுங்காலோட ஓடி வந்தேன், கண்ணாடி குத்திடுச்சு. வேலை செய்யற இடத்துல ஆணி குத்திச்சுன்னு சொன்னேனே, அது அதுதான். அதுக்கப்புறம்தான் ஷூ. கீழ்த் தாழ்ப்பாளை நீ தூக்கத்துலயே திறந்துடற. மேல் தாழ்ப்பாள் உனக்கு எட்டாது."

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் முக்காலியை எடுத்து வந்து, அதன்மேல் ஏறி, அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டாள். முக்காலி இல்லாமல் எட்டாதுதான். அதற்குக் கீழே, அவள் கை எட்டுகிற உயரத்தில், கதவின் பெயின்ட் முழுக்க நகக் கீறல். இத்தனை நாள் அதைப் பழைய கதவு என்று நினைத்திருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் முக்காலியிலிருந்தபடியே.

"ஊருக்கே நீ மனசு வைத்தியம் பாக்கற. உனக்கே இப்படின்னு தெரிஞ்சா அந்த அட்டையைப் பிடுங்கிடுவாங்கன்னு நினைச்சேன். அதை மாட்டிக்கிட்டுப் போனப்புறம்தான் நீ சாப்பிடவே ஆரம்பிச்ச."

அவள் இறங்கினாள். "கதவுகிட்ட வந்து என்ன பண்ணுவேன்?"

"விடு."

"சொல்லுங்க."

"கூப்பிடுவ." அவர் கோப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். "குட்டி, செருப்பு வேண்டாம், வான்னு கூப்பிடுவ. கதவைப் பிறாண்டுவ. எத்தனை பிடிச்சு இழுத்தாலும் வரமாட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் நான் சொல்வேன். குட்டி வந்துட்டா, கீழதான் நிக்கறா, கால்ல செருப்பு இருக்கு, நீ வந்து படுன்னு. அதைக் கேட்டா உடனே வந்து படுத்துடுவ. ராத்திரி ரெண்டு தடவை சொல்லணும். சில நாள் மூணு தடவை."

அவர் கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். பதினோரு மாதத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாளைக்கு அந்தக் குள்ள டாக்டர் முன்னால் இரண்டு பேருமாகப் போய் உட்கார வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

கோப்பு மேஜைமேல் பதினான்காம் பக்கத்தில் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கத்தில் அவள் எழுதிய கடைசி வரி கண்ணில் பட்டது. இறந்துபோன தங்கையைப் பற்றி இவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. டீச்சர் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்தாள்.