பத்மாசனி படித்த படிப்பு

பத்மாசனிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனது ஒன்றரை மதிப்பெண்ணில். அதற்காக அவள் அம்மா குமுதவல்லி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் சாப்பிட்டாள்.

"மைக்ரோபயாலஜின்னு ஒரு படிப்பு இருக்கும்மா. கிருமிகளைப் பத்தினது. திருச்சியிலேயே ஆரம்பிச்சிருக்கா. வியாதிக்கு எந்தக் கிருமி காரணம்னு டாக்டருக்குச் சொல்றவா இதைப் படிச்சவாதான்" என்றாள்.

அது 1981. சித்திரை வீதியில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் குமுதவல்லி, "டாக்டர் படிப்பு மாதிரி" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். அப்பா வரதாச்சாரி தெப்பக்குளம் தபால் ஆபீசில் குமாஸ்தா. கல்லூரியில் சேர்க்கப் போன அன்றே பேராசிரியையிடம், இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி லேப், பால் பண்ணை, மருந்து கம்பெனி, குடிதண்ணீர் சோதனை என்று அந்த அம்மாள் விரல் மடக்கிச் சொன்னதை வீட்டில் இரண்டு தரம் ஒப்பித்தார். அடுத்த மாதமே பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. மைக்ரோபயாலஜி பட்டதாரி தேவை என்று போட்டிருந்தது. போட்டவர்கள் சர்க்கரை ஆலையோடு சேர்ந்த ஒரு சாராய ஆலை. வரதாச்சாரி அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். துவைக்கும்போது அது குமுதவல்லியின் கையில் அகப்பட்டது. படித்துவிட்டு, அதே மடிப்பில் மடித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டாள்.

குமுதவல்லி மடி ஆசாரம் பார்ப்பவள். கல்லூரியிலிருந்து வரும் பெண் ரேழியிலிருந்து எதையும் தொடாமல் நேரே கிணற்றடிக்குப் போக வேண்டும். குளித்து, மாற்றுப் புடவை உடுத்திக்கொண்ட பிறகுதான் காபி. பத்மாசனி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

இரண்டாம் வருஷத்தில்தான் அவளிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தாயார் சன்னதிக்கு அம்மாவோடு வருகிறவள், ரெக்கார்டு எழுத வேண்டும் என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் பரீட்சை. வீட்டில் பெருமாளுக்கு விளக்கேற்றச் சொன்னால், "நீயே ஏத்திடும்மா" என்றாள். மார்கழி பிறந்தது. பகல்பத்து உற்சவம் தொடங்கி ஊரே கோயிலில் இருந்தது. பத்மாசனி மட்டும் மாடியில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

குமுதவல்லி காரணம் தேடினாள். மேலப்புதூரிலிருந்து அக்னஸ் என்று ஒரு பெண் இவளோடு படிக்கிறாள். அவளுடைய அண்ணன் பிலோமின்ராஜ் ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்து, "பத்மாசனி இருக்காங்களா? தங்கச்சி நோட்டு குடுத்துவிட்டா" என்று வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. மரியாதையான பையன். அதுதான் பயமாக இருந்தது. கணவரிடம், ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு புதன்கிழமை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போனாள்.

லேப் மாடியில் இருந்தது. வகுப்பு நடக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். வெளியே பெஞ்சில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா."

"நீங்களும் பொண்ணைப் பாக்க வந்தேளா?"

"இல்லீங்கம்மா. நான் ஹபீபுல்லா. கறிக்கடை வச்சிருக்கேன். புதன்கிழமையானா இவங்களுக்கு ஆட்டு ரத்தம் கொண்டாந்து குடுப்பேன்."

குமுதவல்லி பைக்குள் பார்த்தாள். பஞ்சு அடைத்த கண்ணாடிக் குடுவையில் சிவப்பாக இருந்தது.

"இங்க எதுக்கு அது?"

"பொண்ணுங்க இதுலதான் கிருமியை வளத்துப் பாக்குறாங்களாம். ரத்தம் உறையாம இருக்கணும்ல, அதுக்குக் குடுவைக்குள்ள கண்ணாடி மணி போட்டுக் குடுத்திருக்காங்க. புடிச்ச உடனே ஆட்டிக்கிட்டே இருக்கணும். நெத்தியில நீளமா செவப்புக் கோடு போட்ட ஒரு பொண்ணுதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. ரொம்பப் பொறுமை. மூணு தடவ கேட்டாலும் மூணு தடவயும் மொதத் தடவ மாதிரியே சொல்லுச்சு."

குமுதவல்லி தன்னை அறியாமல் புடவைத் தலைப்பை இழுத்து ஒடுக்கிக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். "உங்களுக்கு ஆகாதும்மா. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்" என்று தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் நின்றார். அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் குமுதவல்லிக்கு முகம் சுட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து குடுவையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெள்ளைக் கோட்டில் பத்மாசனி நின்றாள். மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அடுப்புச் சுடருக்குப் பக்கத்தில் வைத்தே குடுவையைத் திறந்து, அதன் வாயைச் சுடரில் காட்டினாள். அருகே குனிந்த தோழியைத் திரும்பிப் பார்க்காமலே, "பேசாதே அக்னஸ், மூச்சு படும்" என்றாள். பெருமாளுக்குத் தளிகை சமைக்கும்போது தான் வாயே திறக்காமல் இருப்பது குமுதவல்லியின் நினைவுக்கு வந்தது. இளஞ்சூட்டில் இருந்த கஞ்சி போன்ற ஒன்றில் ரத்தத்தைக் கலந்து, வரிசையாக இருந்த கண்ணாடித் தட்டுகளில் பத்மாசனி ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. வீட்டில் காபியைக் கொட்டாமல் ஆற்றத் தெரியாத பெண்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் குமுதவல்லி, பக்கத்தில் பத்மாசனி. அம்மா ஏன் வந்தாள் என்று அவள் கேட்கவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியது.

"ஆட்டு ரத்தம்னு ஏன் சொல்லலே?"

"சொன்னா படிப்பை நிறுத்திடுவேளோன்னு பயம்."

"அதனாலதான் கோயிலுக்கு வரதில்லையா?"

அம்மாவுக்கு ஆட்டு ரத்தம் மட்டும்தான் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். பத்மாசனி விடவில்லை.

"அது மட்டும் இல்லேம்மா. கிருமி வளர சத்து வேணும். மாட்டு மாம்சத்தோட சாறு, பசை மாதிரி பாட்டில்ல வரும். நான்தான் எடுத்து எடை போடறேன். உங்கிட்ட மறைச்சுட்டுத் தாயார் முன்னாடி எப்படிப் போய் நிக்கறது?"

குமுதவல்லி பாலம் முடியப்போகும் சமயத்தில், "நான் அந்தப் பையனோன்னு நினைச்சுட்டேன்" என்றாள்.

"எந்தப் பையன்?"

"நோட்டு கொண்டுவந்தானே, சைக்கிள்ல."

பத்மாசனி சிரித்துவிட்டாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் குமுதவல்லிக்கு அதே நினைவு. வரதாச்சாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "நீ என்ன சொல்றயோ அதுதான்" என்றார். அந்தப் பதில் அவளுக்கு உதவவில்லை. அடுப்படியில் நின்று தனக்குள் வாதாடினாள். தொடக்கூடாததுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் பஸ்ஸில் தன்னிடம் உண்மையைச் சொன்ன பெண்ணை என்ன செய்வது? விடை கிடைக்காமலே ஒரு முடிவுக்கு வந்தாள்.

நான்காம் நாள் பத்மாசனி கல்லூரியிலிருந்து வந்தபோது, கிணற்றடியில் பித்தளை அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்தது.

"இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணியா விட்டுண்டிருக்கே. குளிச்சுட்டு வா. கோயிலுக்குப் போய் நம்பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம்."

"அம்மா, நாளைக்கும் நான் அதைத்தான் தொடப்போறேன்."

"நாளைக்கும் வெந்நீர் போடறேன்."

84இல் படிப்பு முடிந்தது. அக்னஸ் பால் பண்ணை லேபில் சேர்ந்தாள். இன்னொரு பெண் தடுப்பூசி தயாரிக்கும் இடத்தில் வேலை என்று நீலகிரிக்குப் போனாள். கூடப் படித்தவர்களில் நால்வர் கல்யாணம் செய்துகொண்டார்கள். பத்மாசனியைப் பார்க்க வந்த ஒரு வரன், வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்றான். "போகணும்னு நாங்க நினைக்கறோம்" என்று குமுதவல்லியே சொன்னாள். வரதாச்சாரி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தார். அந்த வருஷம் ஐப்பசியில் புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் பத்மாசனிக்கு வேலை கிடைத்தது.

அவள் சாயங்காலம் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது, குமுதவல்லி எதிரில் உட்கார்ந்து அன்றைய கதையைக் கேட்பாள். தை மாதம் ஒரு நாள் பத்மாசனி சரியாகச் சாப்பிடவில்லை. பச்சைமலையிலிருந்து இருளாயி என்பவள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று வயசுப் பெண். காலில் முள் குத்தி, தொடை வரை வீங்கி, கொதிக்கிற ஜுரம். மலையிலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர ஒரு நாள் ஆகிவிட்டது. கொடுத்த மருந்து கேட்கவில்லை.

"நீ என்ன பண்ணினே?"

"சீழை எடுத்து ரத்தத் தட்டுல தடவி வச்சிருக்கேன். கிருமி வளரணும். அப்புறம் அது மேல மருந்து தோச்ச காகிதப் பொட்டுகளை வைக்கணும். எந்தப் பொட்டைச் சுத்தி வளரலையோ, அந்த மருந்துதான் கேக்கும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள்."

"அதுவரைக்கும் குழந்தை தாங்குமா?"

பத்மாசனி இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் தட்டைத் திறந்தபோது, டாக்டர் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தின் பொட்டை ஒட்டியே கிருமி மண்டியிருந்தது. வேறொரு பொட்டைச் சுற்றி மட்டும் வட்டமாகத் துப்புரவாக இருந்தது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவளே மாடியேறி ஓடினாள். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்போதே மருந்தை மாற்றினார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தாயார் சன்னதியில் குமுதவல்லி வேண்டிக்கொள்ள நின்றாள். குழந்தையின் பெயர் அவளுக்குத் தெரியாது. பச்சைமலைப் பெண் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்மாசனி, குளிக்கப் போகுமுன் ரேழியில் நின்றபடியே, "ஜுரம் விட்டுடுத்தும்மா" என்றாள்.

மறுநாள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு குமுதவல்லி புத்தூருக்குப் போனாள். கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருந்த இருளாயி, யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"அந்தப் புள்ளையோட அம்மாங்களா? மருந்தைக் கண்டுபுடிச்சதே அதுதான்னு டாக்டரு சொன்னாருங்க."

"மருந்து டாக்டர் குடுத்தது. எது கேக்கும்னு பாத்துச் சொன்னா, அவ்வளவுதான்" என்றாள் குமுதவல்லி.

இருளாயி தயங்கினாள். "காலையிலேர்ந்து இத விட்டு நகர முடியலீங்க. செத்த பாத்துக்கிட்டீங்கன்னா ஓடிப்போய் மொகம் கழுவிட்டு வந்துருவேன்."

அவள் போனதும் குழந்தை விழித்துக்கொண்டது. தெரியாத முகத்தைப் பார்த்து உதடு பிதுங்கியது. குமுதவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கட்டுப்போட்ட கால் அசையாமல் பதமாக வாரி எடுத்து மடியில் கிடத்திக்கொண்டாள். தலையில் எண்ணெயே பார்க்காத முடி. உடம்பு குளிர்ந்திருந்தது. இப்படிக் குளிர வைப்பதற்குத்தான் இரண்டு நாள் காத்துக் கிடந்தார்கள் என்று நினைத்து நெற்றியில் கையை வைத்தபடியே இருந்தாள். குழந்தை அவள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போயிற்று.

இருளாயி ஈர முகத்தோடு வந்து, "குடுங்கம்மா, உங்களுக்குக் கஷ்டம்" என்று கையை நீட்டினாள்.

"இருக்கட்டும், தூங்கறது. நீ உக்காந்து சாப்பிடு." இலையைப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டு, "பேர் என்ன வச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"மாரியாயிங்க."

"மாரியாயி" என்று குமுதவல்லி ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.