துரைக்குச் சம்பந்தம் பேசினேன்

என் கண்ணாடிக் கடைச் சுவரில் இரண்டு சான்றிதழ்கள் தொங்கும். ஒன்று, நான் கண் பரிசோதனை படித்துத் தேறியதற்கு. இன்னொன்று, எங்கள் நாய் துரை அசல் இனம் என்பதற்கு. துரையுடையதற்குத்தான் பெரிய சட்டம் போட்டிருந்தேன்.

கண்ணாடி மாற்ற வந்த பேக்கரிக்காரர் அதைப் படித்துவிட்டு, தன்னிடமும் அதே இனத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான், நான் பையனைப் பெற்றவனாகிவிட்டேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்றேன். யோசிக்க என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் மனைவி, "முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாங்க. சாயங்காலம் ஆனா இவன் நாற்காலியில முட்டிக்கிறான்" என்றாள்.

"அது முட்டுறது இல்லம்மா, அலட்சியம். துரைன்னா அப்படித்தான் இருப்பான்."

குட்டிகள் பிறந்தன. பார்க்கப் போன நான் பேக்கரிக்காரரை "சம்பந்தி!" என்று கட்டிப்பிடித்தேன். அவர் வெட்டிய கேக்கில் பாதியை நானே தின்றேன். குட்டிகள் ஆளுக்கொரு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

அவை வளர்ந்துகொண்டிருந்த சமயத்தில் துரைக்குக் காது வலி. நானும் மனைவியும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மருத்துவர் அம்மா காதைப் பார்த்து முடித்து, ஏதோ சந்தேகப்பட்டு விளக்கை அணைத்தார். துரை கதவுக்குப் போவதாக நினைத்து அலமாரியில் போய் மோதினான். அவர் டார்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"கண்ணு இப்படி மின்னுதே, கவனிச்சிருக்கீங்களா?"

"ஆமா டாக்டர்! எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்."

"அது நோயோட அறிகுறி. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா தேயுது. போகப்போகப் பகல்லயும் தெரியாது. பரம்பரையா வர்றது. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"கண்ணாடிக் கடை வச்சிருக்கார்" என்றாள் மனைவி.

"குட்டி எதுவும்..."

"போட்டாச்சு டாக்டர். இவர்தான் முன்ன நின்னு நடத்தி வச்சார்."

பேக்கரிக்காரரும் நானும் குட்டி வாங்கியவர்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினோம். "கண்ணைக் காட்டிடுங்க, ஜோடி மட்டும் சேர்த்துடாதீங்க" என்று கெஞ்சினோம். ஒரு வீட்டில் காரித் துப்பாத குறை. இன்னொரு வீட்டில், "அது மாடிப்படியில உருண்டுக்கிட்டே இருந்துச்சு. நாய்க் காப்பகத்துல விட்டுட்டோம்" என்றார்கள்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். கூண்டுக்குக் கூண்டு நாய்கள். எல்லாம் தெருவில் பிறந்தவை என்று நினைத்திருந்தேன். துரையைப் போன்ற அசல்களும் இருந்தன. குட்டி போட்டுப் போட்டே மடி தொங்கிப்போன ஒரு தாய் நாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பொறுப்பாளர் அம்மா என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அந்தக் குட்டிக்கு வீடு கிடைச்சிருச்சு சார். கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் விடவில்லை. "ஆனா அந்த வீடு இங்க வேற ஒண்ணுக்குக் கிடைச்சிருக்கும். நீங்க ஆசைக்குக் குட்டி போட வைக்கிற ஒவ்வொரு தடவையும் இதுங்க இன்னும் கொஞ்சம் காத்துக் கிடக்கும்."

திரும்பினால் மனைவியைக் காணோம். ஒரு கூண்டின் முன் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மண் நிறத்தில் ஒரு பெட்டை. ஒரு காது மடங்கி, வால் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் நீளமாக.

"இது என்ன இனம்?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். உங்க வீட்டு நாய்க்குக் கருத்தடை பண்ணியாச்சா?"

"இல்ல..."

"பண்ணிட்டு வாங்க. அப்புறம்தான் பொண்ணு தருவோம்."

பண்ணிவிட்டுப் போய்த்தான் அந்த மண்நிறப் பெண்ணைக் கூட்டிவந்தோம். இப்போது இருட்டினால் துரை அவள் விலாவை உரசிக்கொண்டே வாசல்வரை நடக்கிறான். சம்பந்தியும் தன் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துவிட்டார். நானோ, கடைக்கு வருகிறவர் நாய் என்று வாயெடுத்தால் போதும், காப்பகத்துக்கு வழி சொல்லி அறுக்க ஆரம்பித்துவிடுகிறேன். சிலர் கண்ணாடி வாங்காமலே ஓடியிருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் மட்டும் காப்பகத்திலிருந்து நேராக நாயோடு கடைக்கு வந்து இறங்கினார். அது புத்தம்புது பிரேம் ஒன்றை மென்று தீர்த்தது. பில் போட எனக்குக் கை வரவில்லை.