தலைவர் வழியாக

பந்தலுக்குள் நுழைந்த ராபியா, மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஹமீது. அடுத்த மாதம் அவளை நிக்காஹ் செய்துகொள்ளப் போகிறவன். போட்டோவில் பார்த்ததைவிடக் காது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் உலக மாணவர் மாநாடு. ஜப்பானிலிருந்தும் பர்மாவிலிருந்தும்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அணுகுண்டு வந்துவிட்ட உலகில் சின்ன நாடுகள் எப்படிப் பிழைப்பது என்பதுதான் பேச்சு. சென்னையில் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கும் ராபியாவைக் கல்லூரி தேர்ந்தெடுத்திருந்தது. செங்கல்பட்டிலிருந்த வருங்கால மாமியார் சம்சாத் பேகம், தானும் கூட வருவதாக இருந்தால் சரி என்றாள். ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. தாம்பரத்தில் எம்.ஏ. படிக்கும் தன் மகனும் வரப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நிக்காஹ் முடியும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாமி கடைசி வரிசையில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

ராபியாவுக்கோ ஒன்று தெரிந்தாக வேண்டும். மார்ச்சில் பரீட்சை. கல்யாணத்துக்குப் பிறகு எழுத விடுவார்களா? நகை, விருந்து, பந்தல் என்று இரு வீட்டாரும் எல்லாம் பேசினார்கள். இதை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அமர்வுக்குத் தலைவன் ஞானதாஸ், ஹமீதின் தோழன். யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது, பேச நினைப்பவர் கையைத் தூக்கி அனுமதி பெற்று எதையும் தலைவரிடமே சொல்ல வேண்டும் என்று விதியை அறிவித்தான். பெரிய நாட்டோடு ஒப்பந்தம் இருந்தால் சின்ன நாட்டுக்குப் பாதுகாப்பு என்று தலைவரிடம் சொன்னான் ஹமீது. ஒப்பந்தம் எழுதும்போது சின்ன நாட்டை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று தலைவரிடம் கேட்டாள் ராபியா. இடமும் வலமும் திரும்பித் திரும்பி ஞானதாஸுக்குக் கழுத்து வலித்தது. கடைசியில் ஹமீது, அந்த அம்மையார் சொல்வதே நியாயம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். வாதத்தில் தோற்றுவிட்டுச் சிரிக்கும் ஆண்பிள்ளையை ராபியா அதுவரை பார்த்ததில்லை. இவன் எப்படிப்பட்டவன் என்ற குறுகுறுப்பு அப்போதுதான் பிறந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் இருவருக்கும் நடுவே ஞானதாஸ். எதிரே சம்சாத் பேகம்.

"தலைவரே, அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் ராபியா, சோற்றைப் பிசைந்தபடி.

ஞானதாஸுக்குப் புரை ஏறியது. "சோறு துன்ற எடத்துலயுமா மாநாடு?"

"இன்னாடா நடக்குது இங்க?" என்றாள் சம்சாத் பேகம்.

"நான் அவரோட பேசல மாமி. தலைவரோடதான் பேசறேன்."

மாமி அப்பளத்தை நொறுக்கினாள்.

"மார்ச்சுல எனக்குப் பரீட்சை. கல்யாணத்துக்கு அப்பால எழுத விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"மச்சான், கேட்டுக்கினியா?" என்று ஹமீது பக்கம் திரும்பினான் ஞானதாஸ்.

ஹமீது இலையைப் பார்த்தான். "எனக்கு சம்மதம்னு சொல்லு. ஆனா வூட்ல கேக்கல. கேக்க பயமா கீதுன்னும் சொல்லு."

"அத வேற நான் சொல்லணுமா? உங்கம்மா எதிர்லதான் குந்திகினு கீறாங்க."

மோர் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார். சம்சாத் பேகம் மகனைப் பார்த்தாள். பிறகு ராபியாவை, நிக்காஹ் பேச வந்த அன்று பார்த்ததைவிட அதிக நேரம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்து பழகாதவள் மாமி. காலையிலிருந்து பின்வரிசையில் என்னவெல்லாம் கவனித்தாளோ. துப்பட்டிக்குள்ளிருந்து அவளுடைய இடது கை மெல்ல எழுந்தது. தோள்வரை வந்து தயங்கி, இன்னும் கொஞ்சம் மேலே போனது. கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன.

ஞானதாஸ் வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கினான்.