அரிசி ஒட்டிய பித்தளை

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். மூடிப்போன நூல் மில் தங்கச்சாமிக்கு வைத்த சம்பளப் பாக்கியைப் பந்தலில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வனிதா, செத்துக் கிடந்த தகப்பன் தங்கச்சாமியின் மூக்கில் இரண்டாம் தடவையாகப் பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தாள்.

மில்லுக்குப் பூட்டுப் போட்ட அன்றைக்கு, அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த தங்கச்சாமி, பாக்கிக்கு ஈடாகச் சோதனை அறையிலிருந்து ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முழ நீள இரும்புப் பலகை. ஒரு கடைசியில் பித்தளைக் கவ்வியும் கைப்பிடியும், மறு கடைசியில் இன்னொரு கவ்வி, கைப்பிடியை ஒட்டி எண் ஓடுகிற சின்னப் பெட்டி. எதற்கானது என்று அவருக்கும் தெரியாது. கரண்டு அளக்கிறது என்றார்கள், கயிறு திரிக்கிறது என்றார்கள். பாக்கியைத் தந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பத்தொன்பது வருஷமாக வாரம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

மணி இரண்டு. பதினொரு மணிக்கே குளிப்பாட்டியாயிற்று. சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் போட்டு வைப்பது? மகன் பாண்டிராஜ்தான் தூக்க விடவில்லை. "செத்த பொறுங்க, செத்த பொறுங்க" என்று போனும் கையுமாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். அப்புறம் ஆளைக் காணோம்.

வனிதா அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். அண்ணன் வாய்க்கரிசியில் ஒரு பிடி அள்ளிவந்து, ஒவ்வொரு மணியாக அந்தச் சாமானின் பித்தளைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே செய்யுத?"

"சத்தம் போடாதட்டி. ரைஸ் புல்லிங். அரிசிய இழுத்துச்சின்னா கோடி ரூவாக்கு வாங்குதாவ. போட்டோ அனுப்பியிருக்கேன். கயத்தாத்துலருந்து பார்ட்டி வந்துக்கிட்டிருக்கு."

"ஐயா வாய்க்குப் போடுத அரிசில இதுவா? அவிய அங்கன வெந்துக்கிட்டுக் கெடக்காவ."

"அங்க பாரு!"

மூன்று அரிசிமணி ஒட்டி நின்றது.

"எண்ணெய்ப் பிசுக்குல கரப்பான் பூச்சிகூட ஒட்டும்லே."

நிலையைப் பிடித்துக்கொண்டு ஆவுடைத்தாய் நின்றாள். துட்டி கேட்க வந்தவள். மில்லில் அதே சோதனை அறையில் நூல்கண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவள். உள்ளே வந்து முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். அரிசி உதிர்ந்தது.

"நீயும் காலையிலருந்து இதுக்காத்தான் பிணத்தக் காய விடுதியா?"

"அப்போ இது என்னதுதான் அத்தை?" என்றான்.

ஆவுடைத்தாய், மாலையோடு கிடந்த கோடித் துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவினாள். இந்தக் கவ்வியில் ஒரு முனை, அந்தக் கவ்வியில் ஒரு முனை. கைப்பிடியைச் சுற்றினாள். பெட்டியில் எண் ஓடிற்று. விறைப்பாக நின்ற நூல் முறுக்கு அவிழ்ந்து அவிழ்ந்து, கடைசியில் வெறும் பஞ்சாகப் பிரிந்து நின்றது.

"அம்புட்டுதான். நூலுல எத்தன முறுக்குன்னு எண்ணுதது. முறுக்கு பத்தலைன்னா கழிச்சிருவாவ. கழிச்சதத்தான் ஒங்கய்யா கூட்டி அள்ளுவாவ."

"வெல?"

"பழைய இரும்பு வெலைதான் போகும்."

பாண்டிராஜ் அடுப்புத் திண்டில் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த அரிசியைப் பார்த்தான். கையை மூடினான், விரித்தான்.

"எந்திரிண்ணே," என்றாள் வனிதா. "ஐயாவத் தூக்குவோம்."

வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் பெரியவர் சின்னக்கருப்பன் பாடை அருகில் வந்து குரல் கொடுத்தார். "கொடுக்கல் வாங்கல் இருந்தா இப்பமே சொல்லிருங்கப்பா."

"அந்த மில்லுக்காரன்..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணும் வர வேண்டியதில்ல," என்றான் பாண்டிராஜ். "அது தீந்துட்டு. தூக்குங்க."

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு அண்ணன் முன்னே போய்க்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் போன் அடித்தது; கயத்தாற்றுப் பார்ட்டியாக இருக்கும். நின்று, மறுபடியும் அடித்தது. சட்டியைக் கை மாற்றாமல் அவன் நடந்தான். கொட்டுச் சத்தத்துக்கு நடுவே, கரிசல் பாதை திரும்புகிறவரை அது வனிதாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.