கிடியன் கொடுத்த வாக்கு

கோடை முகாமுக்குப் போகிற பிள்ளையின் ஜட்டியில்கூடப் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்டில் யாரோ ஒருவருடைய ஜட்டிதான் வீடு வந்து சேரும். அதனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, என் மகள் லியோராவின் துணிகளில் பெயர்ப் பட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். சிலருக்கு இது எரிச்சலான வேலை. எனக்கு இது பண்டிகை. எட்டு வயதிலிருந்து ஒரு கோடை விடாமல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை முகாமில் வளர்ந்தவள் நான். என் கல்யாணத்தில் எனக்குத் துணையாக நின்ற தோழிகள் அத்தனை பேரும் ஒரே மரக்குடிலில் என்னோடு கொசுக்கடி பட்டவர்கள். இப்போது அதே முகாமுக்கு ஒன்பது வயது லியோராவை நான்கு வாரம் அனுப்புகிறேன். எனக்கு அவள் மேல் நம்பிக்கை இருந்தது. என் கணவன் கிடியன் மேல்தான் இல்லை.

லியோரா இதுவரை எந்தத் தோழி வீட்டிலும் ஓர் இரவு முழுசாகத் தங்கியதில்லை. தலையணையும் கையுமாக ஜோராகக் கிளம்பிப் போவாள். சாப்பாடு முடிந்ததும், "அப்பா, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று போன் வரும். கிடியன் வீட்டுச் செருப்போடு காரை எடுத்துவிடுவான். திரும்பி வரும்போது அவளுக்கு வயிறு சரியாகியிருக்கும். இவன் முகத்தில் தீயணைப்பு வீரனின் பெருமை இருக்கும். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். ஆனால் முகாமிலிருந்து பாதியில் திரும்பினால் அது சிரிக்கிற விஷயமில்லை. 'என்னால் முடியாது' என்று ஒரு குழந்தை தன்னைப் பற்றி முடிவு கட்டிவிட்டால் அதை மாற்ற யாராலும் ஆகாது.

பிள்ளைகளின் பெட்டிப் பைகளை முன்கூட்டியே முகாமுக்கு ஏற்றிப்போகும் லாரி மறுநாள் காலையில் வரும். அடுக்கி வைத்த காலுறைகளைப் பையில் போட லியோராவின் அறைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"இவ்வளவு எதுக்கும்மா? மூணு நாளைக்குத் தேவையானது போதும்."

"நாலு வாரம் ஒரே காலுறையைப் போட்டுக்கப் போறியா? குடில்ல இருக்கறவங்க உன்னைத் தூக்கி ஏரியில போட்டுடுவாங்க."

"நாலு வாரம் இல்ல. பிடிக்கலேன்னா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவாராம். ஆபீஸ்ல போய் அழணுமாம். அவங்க அப்பாவுக்கு போன் பண்ணுவாங்களாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வயித்துவலின்னு சொன்னா சீக்கிரம் பண்ணுவாங்களாம்" என்றாள்.

வழிமுறையோடு சொல்லிக் கொடுத்திருக்கிறான் மகராசன்.

கிடியன் பின்கட்டில் இறைச்சி சுடும் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் வந்த வேகத்தைப் பார்த்ததுமே கம்பித் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.

"பெற்றோர் கூட்டத்துல அந்த முகாம் டைரக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"எந்த டைரக்டரம்மா?"

"அதானே! நீ பாப்கா ரொட்டி வச்சிருந்த மேசையை விட்டு நகர்ந்தாத்தானே தெரியும்? 'என்ன வேணும்னாலும் சொல்லி அனுப்புங்க, பிடிக்கலேன்னா வந்து கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க'ன்னு அந்தம்மா தொண்டை கிழியச் சொன்னாங்க. அப்படிச் சொல்லிட்டா பிள்ளைங்க விளையாட மாட்டாங்களாம். எப்ப பிடிக்காம போகும்னு காத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்களாம்."

"மிண்டி, அவ பயந்தா. நான் ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்."

"தைரியமா? மூணு நாளைக்குத் துணி எடுத்து வச்சிருக்கா உன் பொண்ணு. போய்ப் பாரு உன் தைரியத்தை!"

அவன் அடுப்புக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவ அங்க அழுதா எனக்கு இங்க தாங்காது" என்றான். தூரிகையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அழாம இருந்தாலும்தான்" என்றான்.

எனக்கு வாய்வரை வந்த கிண்டல் அப்படியே நின்றுவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. தன்னைக் கூப்பிடாத லியோராவை அவனுக்குப் பழக்கமில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க நான் தயாராயில்லை.

"வாக்கு கொடுத்தது நீ. நீயேதான் திரும்ப வாங்கிக்கணும். நான் சொன்னா நான் ராட்சசி ஆயிடுவேன், நீ அப்பவும் நல்ல அப்பாவாவே இருப்பே."

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னேனே!"

பையை நானே நிரப்பி லாரியில் ஏற்றினேன். புதன்கிழமை அவன் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவளை ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போனான். சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தேன், ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தான். வெள்ளிக்கிழமை இரவு, யூதர்களான எங்கள் ஓய்வுநாளான சப்பாத்தின் விருந்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, வழக்கம்போல் மகளின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஆசீர்வதித்தான். கையை எடுக்கவே மறந்துவிட்டான். "அப்பா, சூப் ஆறுது" என்று லியோராதான் தலையை விடுவித்துக்கொண்டாள். சனிக்கிழமையும் போயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைவளாகத்தின் பின்னால் இருக்கிற கார் நிறுத்துமிடத்தில் பேருந்துகள் வரிசையாக நின்றன. பழைய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கிறீச்சிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அம்மாக்கள் கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதார்கள். முகாம் சட்டை போட்ட ஒரு பெண் பெயர் கூப்பிட, லியோரா எனக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் பேருந்தை நோக்கி நடந்தாள். முதல் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அப்பா! கூப்பிட்டா வந்துடுவே இல்ல?"

அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் பொறுமையிழந்து முண்டினார்கள். கிடியன் என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். அந்த நிமிஷம் அவன் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அவனை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

அவன் பேருந்துக்குப் பக்கத்தில் போய் அவள் முகத்துக்கு நேரே நின்றான்.

"வர மாட்டேன், கண்ணு."

"என்னது?"

"கூப்பிட்டாலும் வர மாட்டேன். அன்னிக்குச் சொன்னது தப்பு. நாலு வாரம் கழிச்சு, எல்லாரும் வர்ற அன்னிக்குத்தான் வருவேன்."

லியோராவின் கீழுதடு துடித்தது. எனக்கு ஓடிப்போய் அவளை இறக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இத்தனை நாள் வீராப்புப் பேசிய எனக்கே அப்படித் தோன்றியதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அவள் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அவன் பார்வையைத் திருப்பவில்லை.

"அழுதா?"

"அழு. அழுதுட்டு நீந்தப் போ."

"அப்போ..." அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்போ நான் அங்க இருந்துடுவேன்னு நினைக்கிறியா?"

"நல்லாவே இருப்பே."

"நெஜமா?"

"நெஜமா."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முகமெல்லாம் சிவந்து, பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா? நீ வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதால, என்னால முடியாதுன்னு உனக்கே தெரிஞ்சிருக்குன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்!"

சொல்லிவிட்டு மற்ற படிகளிலும் ஏறி உள்ளே போய்விட்டாள்.